அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் நினைவு மலர் செய்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் வெட்டிய எழுத்து மட்டுமல்ல. ஒருவர் காலமாகி 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படும் உறவினரின் கையில் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். அட்டையில் அவருடைய படம் இருக்கும். உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய நினைவுகள், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். நினைவு மலர் என்றும் சொல்வார்கள்.

இந்த வேலை நம் தலையில் விழுவது வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறைதான். அதுவும் அழுது களைத்திருக்கிற நாட்களில். எங்கள் அப்பா போனபோது நாங்கள் நான்கு பிள்ளைகளும் நான்கு இடத்தில் இருந்தோம். எங்கே தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்யாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று இன்று நினைக்கிறேன். முதல்முறையாக இதைச் செய்யப்போகிறவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

31 நாள் என்று சொன்னாலும் எழுதக் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்தான். செத்தவீடு, காடாத்து (சாம்பல் அள்ளுகிற சடங்கு), வந்துபோகிறவர்கள் என்று முதல் வாரம் ஓடிவிடும். அச்சகத்துக்குக் கடைசியில் ஒரு வாரமாவது தேவை. ஆகவே 21ஆம் நாள் எல்லாம் எழுதி முடிந்து அச்சகத்துக்குப் போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் போடலாம். எது கடைசி வடிவம் என்று சொல்கிறவர் ஒருவர்தான். அந்த ஆள் மூத்த மகனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் கிரியைகளில் நிற்பார், நேரம் கிடைக்காது. எங்கள் வீட்டில் இதைச் செய்தவர் மூத்த மருமகள்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை வீணாக்காதீர்கள். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். ஒடியல் கூழா, குரக்கன் பிட்டா, எந்தக் கடை வாய்ப்பன் என்று அடுப்படியில் கதை தொடங்கும். சித்தப்பா ஒன்று சொல்ல, மாமி இல்லை என்பார், பக்கத்து வீட்டு அக்கா மூன்றாவது கதை ஒன்றைக் கொண்டுவருவார். யாராவது ஒரு பேரப்பிள்ளையைக் கொப்பியும் பேனாவுமாக ஒரு மூலையில் இருத்துங்கள். எங்கள் கல்வெட்டின் நல்ல பகுதிகளில் பாதி அந்த ஒரு நாளில் கிடைத்தவை.

பெயர்களும் திகதிகளும்

நாலைந்து தலைமுறை போனபிறகு உங்கள் குடும்பத்தின் கிளைகளைத் தேடுகிற ஒருவர் இந்தப் புத்தகத்தைத்தான் திறப்பார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை இடப்பெயர்வு! காணி உறுதிகளும் சாதகங்களும் படங்களும் போன வீடுகள்தான் அதிகம். அப்படிப்பட்ட வீடுகளில் எழுத்தில் மிஞ்சுகிற குடும்ப வரலாறு பெரும்பாலும் கல்வெட்டு ஒன்றுதான். அதில் ஒரு பெயர் பிழைத்தால் அந்தப் பிழையே பிறகு உண்மையாகிவிடும்.

பிறந்த திகதிக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பாருங்கள். அது இல்லையென்றால் பழைய அடையாள அட்டை இலக்கம் உதவும். ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும் கொண்ட அந்தப் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 42061 என்று தொடங்கினால் 1942 மார்ச் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்த காலம் அது. சாதகக் குறிப்பு இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் சாதகத்தில் உள்ளதைப் போடுவதே சரி என்பது என் எண்ணம். அது வீட்டார் எழுதிவைத்த கணக்கு.

பெயர்ப் பட்டியலுக்கு மரண அறிவித்தலை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். அது செத்தவீட்டு அவசரத்தில் எழுதியது. எங்களுக்கு அதில்தான் பெரிய தவறு நடந்தது. அறிவித்தலை வெளிநாட்டில் இருந்த நாங்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அப்பாவின் மூத்த அக்கா, எங்கள் பெரிய மாமி, விடுபட்டுப் போனார். அதே பட்டியல் கல்வெட்டுக்கும் வந்தது. 31ஆம் நாள் மாமி புத்தகத்தை வாங்கி, சகோதரர் பெயர்கள் உள்ள பக்கத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். பிறகு திருத்தி ஒட்டிக் கொடுத்தோம். ஆனால் அந்த நேரத்து மாமியின் முகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆகவே பட்டியலைக் காலமானவருடைய தலைமுறையில் உயிரோடு இருக்கிற மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ‘சரி’ என்று சொன்னபிறகுதான் அடுத்த வேலை.

உறவுச் சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘பேரன்’ என்றால் தாத்தாவும்தான், பேரப்பிள்ளையும்தான். ‘இன்னாரின் அன்புப் பேரனும்’ என்று வாசிக்கிற கனடாப் பிள்ளை குழம்பிப்போகிறது. ‘பேரனார்’ அல்லது ‘பாட்டனார்’ என்று எழுதினால் தெளிவு. வம்சாவழியில் அப்பப்பா, அம்மப்பா என்று பிரித்தே போடுங்கள்.

இறந்துபோன பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். குழந்தையாகவே போன பிள்ளைக்கும் பெயர் உண்டு. ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லோடு அந்தப் பெயர் வரட்டும். ஆனால் போரில் காணாமல் போன பிள்ளை இருக்கிற வீடென்றால் அந்தச் சொல்லை நீங்களாகப் போடாதீர்கள். அம்மாவைக் கேளுங்கள். பல தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளின் பெயரோடு அந்தப் பெயரும் எந்த அடைமொழியும் இல்லாமல் வந்தால் போதும் என்பார்கள். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே.

உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பேரப்பிள்ளைகளின் முழுப் பிறந்த திகதி இவற்றை அச்சிட வேண்டாம். பெயரும் ஊரும் போதும்.

திதி வெண்பா

முதல் பக்கங்களில் வருகிற இந்தப் பாட்டு அலங்காரத்துக்கு இல்லை. திவசம் திதிப்படிதான் வரும், ஆங்கிலத் திகதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். எந்தத் தமிழ் வருடம், எந்த மாதம், பூர்வபட்சமா (வளர்பிறை) அபரபட்சமா (தேய்பிறை), எந்தத் திதி என்று நாலு வரியில் மனத்தில் நிற்கும்படி சொல்லிவைப்பதுதான் வெண்பாவின் வேலை. 2024 சித்திரையில் தொடங்கியது குரோதி, 2025 சித்திரையில் தொடங்கியது விசுவாவசு. ஆங்கில ஆண்டைப் பார்த்து வருடப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். தை முதல் பங்குனி வரை பழைய தமிழ் வருடமே நடக்கும்.

வெளிநாட்டில் காலமானவர் என்றால் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் ஜூலை மாதம் இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 5.30. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் அந்தக் காலை 5.30க்கு என்ன திதி என்று பார்க்க வேண்டும். ரொறன்ரோ நேரத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் பல வேளை முந்திய திதிதான் வரும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே நேரம் வேறுபடுவதும் உண்டு. நீங்களே முடிவெடுக்காமல், கிரியை செய்கிற குருக்களிடம் கேட்டு அவர் சொல்வதை எழுதுங்கள். நாளைக்குத் திவசத்துக்கு நாள் வைக்கப்போகிறவர் அவர். புத்தகமும் அவரும் ஒரே திதியைச் சொல்ல வேண்டும்.

பாட்டு எழுத ஊரில் ஒரு தமிழாசிரியரோ மரபுக் கவிதை தெரிந்தவரோ இருப்பார். அவரிடம் பெயர், ஊர், வருடம், மாதம், பட்சம், திதி ஆறையும் எழுதிக் கொடுங்கள். வந்த பாட்டை நீங்களும் ஒருமுறை பார்க்கலாம். நேரிசை வெண்பா என்றால் நாலு வரி, முதல் மூன்று வரியிலும் நாலு நாலு சீர், கடைசி வரியில் மூன்று, இரண்டாம் வரி முடிவில் ஒரு தனிச்சொல். அச்சில் வரி உடைந்து சீர் இடம் மாறுவது அடிக்கடி நடக்கிறது. கையால் எழுதின மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பஞ்சபுராணப் பாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்து. அவர் கோயிலில் நின்று பாடுகிறவராக இருந்தால் அவர் வழக்கமாகப் பாடின பாடல்களையே போடுங்கள்.

அம்மாவிடம் கேட்பது

வரலாற்றை எழுதத் தொடங்கும் முன் அம்மாவோடு இருங்கள். பேட்டி எடுக்கிற மாதிரிக் கொப்பியோடு முன்னால் போய் உட்கார வேண்டாம். அவர் அரிசி கிளைகிற நேரம், வெற்றிலை போடுகிற நேரம், பக்கத்தில் இருந்தால் போதும். பேச்சைத் தொலைபேசியில் பதிவதென்றால் கேட்டுவிட்டுப் பதியுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள்.

‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. காலத்தைப் பிடிக்க வேறு கொழுக்கிகள் உண்டு. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்க முன்னமோ பிறகோ? (அது 1956.) 64ஆம் ஆண்டுப் புயலுக்கு நீங்கள் எந்த வீட்டில் இருந்தீர்கள்? மிளகாய், வெங்காயத்துக்கு நல்ல விலை போன காலத்திலோ வீடு கட்டினது? (70க்கும் 77க்கும் இடையில், இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம்.) 90இல் ரயில் நின்றபோது அவர் கொழும்பிலோ ஊரிலோ? இப்படிக் கேட்டபோது, எங்கள் வீட்டின் முன் மண்டபம் மிளகாய்க் காசில் எழும்பினது என்பதும், அதற்குக் கல் அரிந்த இடமும், மேசனுக்குக் கொடுத்த கூலியும்கூட அம்மாவின் வாயிலிருந்து வந்தன.

பொருளைக் காட்டிக் கேட்பதும் நல்லது. அவருடைய சைக்கிள், மண்வெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு. நான் அப்பாவின் பால்மாப் பேணியை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நாங்கள் நான்கு பேரும் பாலர் வகுப்பிலிருந்து வாங்கின தேர்ச்சி அறிக்கைகள் வயது வாரியாகச் சுருட்டிக் கிடந்தன. இடப்பெயர்வில் உடுப்பை விட்டுவிட்டு அந்தப் பேணியை எடுத்துவந்தார் என்பதை அன்றுதான் அம்மா சொன்னார். எங்களுக்கு அதுவரை தெரியாது.

வரலாற்றை எழுதுவது

பிறப்பு, படிப்பு, தொழில், திருமணம், பிள்ளைகள், ஊருக்குச் செய்தது என்ற வரிசை இருக்கட்டும். அது ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதில்தான் அவர் இருக்கிறார்.

‘பண்பாளர், பரோபகாரி, எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர், குடும்பத்தின் கலங்கரை விளக்கம்.’ பத்துக் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள், பத்திலும் இந்த வரிகள் இருக்கும். பெயரை மறைத்தால் யார் என்று தெரியாது. ஒவ்வொரு பண்புச் சொல் வரும்போதும் நிறுத்தி, ‘அவர் அதை எப்போது செய்தார், யாருக்குச் செய்தார்?’ என்று கேளுங்கள். கிடைத்ததை எழுதிவிட்டுப் பண்புச் சொல்லை வெட்டிவிடுங்கள்.

எங்கள் முதல் எழுத்தில் ‘மனைவியின் மீது பேரன்பு கொண்டவர்’ என்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் இப்படி இருக்கிறது: ‘அம்மாவுக்கு முழங்கால் நோ தொடங்கின ஆண்டு, அப்பா சீமெந்துக் கல் வாங்கி வந்து, அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் தானே கட்டினார். கட்டி முடித்து, அம்மாவை நிற்கவைத்து, கை எட்டுகிறதா என்று பார்த்து, ஒரு வரிசையைக் கழற்றித் திரும்பவும் கட்டினார்.’ அவ்வளவுதான். வாசித்த ஒவ்வொருவரும் அடுப்படிக்குப் போய் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் யாராக இருந்தார் என்பதையும் அப்படியே தேடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடு. ஒன்று ஊர் நேரம், மற்றது ரொறன்ரோ நேரம். அங்கே நேரம் மாற்றுகிற மார்ச் மாதமும் நவம்பர் மாதமும் அப்பா கதிரையில் ஏறி அந்த இரண்டாவது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் திருப்பி வைப்பார். பேரன் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் அவருக்குத் தெரிய வேண்டும். அண்ணாவின் மகன் தன் பக்கத்தில் எழுதினது இந்த மணிக்கூட்டைப் பற்றித்தான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில் ஏழு வரி எழுதினான். அதை அப்படியே அச்சிட்டு, கீழே அவன் தாய் சொன்ன தமிழைப் போட்டோம். சின்னப் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் இலக்கியத் தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் வாயால் சொன்னதைப் பதிந்து அப்படியே எழுதுங்கள். கீறித் தந்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பார்கள். யாரையும் நோகடிக்காத குறையென்றால் எழுதலாம். எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் கதைக்க மாட்டார், மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வருவார். அதை எழுதினோம். தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை அந்த வரியில் கண்டார்கள்.

படங்கள்

அட்டைக்குக் கடைசிக்கால ஆஸ்பத்திரிப் படம் வேண்டாம். கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் பின்னால் வானமும் தாமரையும் போடுவதும் வேண்டாம் என்பேன். அவர் நன்றாக நடமாடின காலத்தில், தெரிந்த இடத்தில், இயல்பாக இருக்கிற படம் ஒன்றைத் தேடுங்கள். வீட்டில் இல்லையென்றால் வெளியே இருக்கும். கலியாணப் படம், ஏடு தொடக்கல், சாமத்தியவீடு, எல்லாவற்றின் பிரதியும் அந்தக் காலத்தில் இலண்டனுக்கோ கொழும்புக்கோ தபாலில் போயிருக்கும். 95இல் எங்கள் அல்பம் போய்விட்டது. அம்மா அப்பாவின் கலியாணப் படம் திரும்பக் கிடைத்தது, 1970களில் வெளிநாடு போன சித்தப்பாவின் பெட்டிக்குள்ளிருந்து.

பழைய படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள், அச்சுக்கு 300 போதும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை இழுத்துக் கிழிக்காமல், இருந்தபடியே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அச்சகம்

ஏ5 அளவு கைக்கு நல்லது. நடுவில் கம்பி தைக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் பிரிய வேண்டும். 24, 28, 32 என்று முன்கூட்டியே முடிவுசெய்தால் கடைசி நேரத்தில் வெட்டி ஒட்ட வேண்டி வராது. எத்தனை பிரதி என்று கணக்கிட ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள். அதற்கு மேல் ஒரு கட்டு கூடுதலாக எடுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் பல அச்சகங்களில் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது எழுத்துக்கள் உடையலாம், கொம்பும் காலும் இடம் மாறலாம். ஆகவே திரையில் பார்த்தது போதும் என்று விடாமல், கட்டி முடித்த பக்கங்களைத் தாளில் எடுத்து ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். பெயர்ப் பக்கங்களை வேறு இருவர் இன்னொருமுறை.

நாள் போதவில்லையென்றால் பதற வேண்டாம். 31க்குப் படமும் திதி வெண்பாவும் பஞ்சபுராணமும் உள்ள நாலு பக்கம் கொடுக்கலாம். முழு மலரை ஆண்டுத் திவசத்துக்குச் செய்யலாம். அவசரத்தில் அரைகுறையாகச் செய்வதைவிட அது நல்லது.

அச்சானபிறகு மூன்று பிரதிகளைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒன்று ஊர் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு, ஒன்று அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று நூலகம் என்ற எண்ணிம நூலகத்துக்கு. 2005இல் தொடங்கிய அந்த நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்கள், இதழ்களோடு நினைவு மலர்களையும் சேர்த்து இணையத்தில் வைக்கிறது. பிடிஎப் கோப்பும் ஸ்கேன் செய்த படங்களும் குறைந்தது மூன்று வீடுகளில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு நாட்டில்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, பலரும் மறந்துபோவது. ஏ5 பக்கத்தின் எழுத்து வயதானவர்களுக்குச் சின்னது. அதே பக்கங்களை 141 வீதம் பெருப்பித்தால் ஏ4 தாளில் சரியாக வரும். அப்படி ஒரே ஒரு பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, 31க்கு முதல் நாள் இரவே அம்மாவிடம் கொடுங்கள். எங்கள் அம்மா அதைக் கட்டிலில் தலைமாட்டில் வைத்திருக்கிறார். அடுப்புக் கதை வருகிற பக்கத்தின் மூலை மடிந்து கிடக்கிறது.